மேலே தண்ணீர் தேக்கியவர்தான் பொறுப்பு

மலையில் மேட்டில் இருப்பவர் தன் லாபத்துக்காகத் தண்ணீரைத் தேக்கி, அது உடைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குள் பாய்ந்தால், இழப்பை அவர்தான் கொடுக்க வேண்டும். ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேத்தியில் ஒரு மழைக்குப் பிறகு பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

கேரட் தோட்டத்துக்காகக் குழி வெட்டி, கருப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்த குட்டை அது. ராத்திரியோடு ராத்திரியாகக் கரை போய்விட்டது. கீழே ஒரு அக்காவின் அடுப்படியில் முழங்கால் சேறு. ரேஷன் அரிசியும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களும் அதற்குள். கிழிந்த ஷீட் தேயிலைச் செடிகளில் மாட்டிக் கிடந்தது. தோட்டக்காரர் சேறு அள்ள ஆள் அனுப்பினார், அதைச் சொல்லியாக வேண்டும். பணம் என்று பேச்சு வந்ததும், "மழை பேஞ்சா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றார். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் சட்டம் அப்படித் தலையாட்டவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற மில்காரர் நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் பழைய சுரங்கக் குழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. தண்ணீர் அதன் வழியே இறங்கி ஃபிளெச்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் மேல் கவனக்குறைவு ஏதும் இல்லை. ஆனாலும் 1868-இல், அன்று அந்நாட்டின் கடைசி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவரைத்தான் பொறுப்பாக்கியது. வெளியேறினால் கெடுதல் செய்யக்கூடிய ஒன்றைத் தன் தேவைக்காக நிலத்தில் கொண்டுவந்து வைப்பவர், விளைவையும் ஏற்க வேண்டும். வக்கீல்கள் 'ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி' என்பது இதைத்தான்.

விதிவிலக்குகள் உண்டு. இயற்கையாகவே இருக்கும் மண் சரிந்தால் இந்த விதி வராது. கடவுள் செயல், அதாவது யாரும் எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றம் என்பது இன்னொன்று. 1876-இல் செயற்கை ஏரிகள் உடைந்த ஒரு வழக்கில், யாரும் கண்டிராத மழை என்று உரிமையாளரை விட்டுவிட்டார்கள். அதை நம் மலைக்குக் கொண்டுவந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீலகிரியில் 2009 நவம்பர் நிலச்சரிவில் எத்தனை உயிர் போனது! 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இதையெல்லாம் பார்த்துவிட்டுக் குட்டை வெட்டுகிறவருக்கு எந்த மழை எதிர்பாராதது?

அப்புறம் எனக்கு மறுப்பாகக் கார்வேட்நகர் ஜமீன்தார் வழக்கைச் சொல்வார்கள். ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வேக்குச் சேதம். 1874-இல், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஜமீன்தாரைப் பொறுப்பாக்கவில்லை. சரிதான். அவை தலைமுறைகளாக ஊர் பிழைக்க இருந்த ஏரிகள், பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. ஒருவர் தன் மகசூலுக்கு வெட்டிய குட்டையும் ரிசார்ட்டின் நீச்சல் குளமும் அந்த வரிசையில் எப்படிச் சேரும்?

டெல்லி ஓலியம் வாயுக் கசிவுக்குப் பிறகு, 1986-இல் உச்ச நீதிமன்றம் அபாயகரமான தொழில்களுக்கு எந்த விதிவிலக்கும் கிடையாது என்றது. குட்டைக்கு அது பொருந்தாது. அதனால்தான் கடவுள் செயல் என்ற விதிவிலக்கை நீதிமன்றங்கள் இங்கே இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்கிறேன்.

கீழ்வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. சேற்றை அள்ளுவதற்கு முன் போட்டோ எடுங்கள், உடைந்த கரையையும் சேர்த்து. விஏஓவிடம் எழுத்தில் மனு கொடுங்கள். ஐயாயிரம் பத்தாயிரத்தைக் கையில் வைத்து "இனி பாக்கி இல்லை" என்று எழுதிய தாளை நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.