தூக்க மாத்திரை: எப்போது நிறுத்துவது என்று முதல் நாளே கேளுங்கள்

பழைய சீட்டை நீட்டி "அதே மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று மெடிக்கலில் கேட்பது நம் ஊரில் சாதாரணம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிராசோலம், டயசெபாம் போன்றவற்றுக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது. இவை எச்1 அட்டவணை மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று அரசு தனியாகப் பட்டியலிட்டவை. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2014 முதல் இதுதான் விதி. எத்தனை கடைகளில் அந்த நோட்டு திறக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

மாத்திரை மேல் எனக்குக் கோபமில்லை. தாங்க முடியாத பதற்றத்தில் சில நாள் கைகொடுக்கும் நல்ல மருந்துதான். ஆனால் பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டியது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இது கூட்டுகிறது. தொடர்ந்து போட்டால் மூளை அதற்கேற்ப மாறிக்கொள்கிறது. அப்புறம் ஒருநாள் விட்டால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். "பாத்தியா, நோய் இன்னும் போகல" என்று மறுபடி அட்டையைத் தேடுவோம். பல நேரம் அது நோயே இல்லை, மருந்து விலகுவதன் விளைவு. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதவருக்கும் இது வரும். மன உறுதி இல்லாதவன் என்று யாரையும் ஏசாதீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எல்லாம் விஷம், இன்னைக்கே தூக்கிப் போடு" என்று வாட்ஸ்அப்பில் வைத்தியம் பார்ப்பவர்கள். மாதக்கணக்கில் போட்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம், உயிருக்கும் ஆபத்து. இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையை 2020இல் கடுமையாக்கியது இதற்காகவும்தான். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே வழி. அதற்குச் சிலருக்கு மாதங்கள்கூட ஆகும்.

டாக்டர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. "இரவு ஒன்று" என்று எழுதுகிறவர்கள் எத்தனை இரவு என்றும், எப்படிக் குறைப்பது என்றும் எழுதட்டும். எழுதாவிட்டால் நாற்காலியை விட்டு எழும் முன் நாமே கேட்போம். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தாலும் பரவாயில்லை.

குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மதுவோடோ டிரமடால் போன்ற வலி மாத்திரையோடோ இது சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதும் நடக்கிறது. மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை என்று கொடுத்துவிடாதீர்கள்.