மலக்குமார்கள் நம் பாவத்தை எழுத மட்டுமா இருக்கிறார்கள்?

ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஆறு அம்சங்களில் மலக்குமார்களை (வானவர்களை) நம்புவது இரண்டாவதாக வருகிறது. மலக்குகளில் ஒருவரான ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து ஈமான் என்றால் என்னவென்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வைச் சொன்ன கையோடு மலக்குமார்களைத்தான் சொன்னார்கள். வேதங்களும் தூதர்களும் அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு பெரிய விஷயத்தைப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்? "பொய் சொல்லாதே, மலக்கு எழுதிக்கிட்டு இருக்கார்." கொஞ்சம் வளர்ந்ததும் கப்ரில் (மண்ணறையில்) கேள்வி கேட்கும் மலக்குகளான முன்கர், நகீர். பிறகு நரகத்தின் காவலர் மாலிக். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. நரகத்தின் மீது கடுமையும் பலமும் கொண்ட மலக்குகள் நியமிக்கப்பட்டிருப்பதாகக் குர்ஆனே சொல்கிறது (66:6). ஆனால் பாதியை உரக்கச் சொல்லிவிட்டு மீதிப் பாதியை விழுங்கிவிடுகிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

அந்த மீதிப் பாதி குர்ஆனின் 40வது அத்தியாயத்தின் 7வது வசனத்தில் இருக்கிறது. அர்ஷைச் (இறைவனின் அரியணையைச்) சுமக்கும் மலக்குகளும் அதைச் சுற்றியுள்ளவர்களும் தங்கள் இறைவனைத் துதிப்பதோடு, ஈமான் கொண்டவர்களுக்காகப் பாவமன்னிப்பும் கேட்கிறார்கள். "எங்கள் இறைவா! உன் அருளும் அறிவும் எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கின்றன, தவ்பா செய்தவர்களை (பாவத்திலிருந்து மீண்டவர்களை) மன்னித்துவிடு" என்று தொடங்குகிற அந்த துஆ (பிரார்த்தனை), நம் பெற்றோர், துணை, சந்ததி வரைக்கும் நீள்கிறது. பாவமே செய்யாத படைப்பு, பாவம் செய்யும் நமக்காகக் கையேந்துகிறது! மலக்கு என்றதும் நம் பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியது இதுதான் என்பேன்.

சரி, எழுதும் மலக்குகளையே எடுத்துக்கொள்வோம். அவர்களைக் கண்ணியமானவர்கள் என்றுதான் குர்ஆன் அறிமுகப்படுத்துகிறது (82:11). அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இருக்கிறது. நன்மையை நினைத்து, செய்ய முடியாமல் போனாலும் ஒரு நன்மை. செய்தால் பத்திலிருந்து எழுநூறு மடங்கு, அதற்கு மேலும்கூட. தீமையை நினைத்து அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டால் அதுவும் ஒரு முழு நன்மை. செய்தேவிட்டால் ஒரே ஒரு தீமை. இந்தக் கணக்கைச் சொல்லாமல், எழுதுகிறார் என்று மட்டும் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துவது எந்த வகையில் நியாயம்?

இரவுக்கும் பகலுக்கும் முறை மாறி வரும் மலக்குகள் சுப்ஹு (அதிகாலை) தொழுகையிலும் அஸர் (பிற்பகல்) தொழுகையிலும் ஒன்றுசேர்கிறார்கள். மேலே போனவர்களிடம், எல்லாம் அறிந்தும் அல்லாஹ் கேட்கிறான்: "என் அடியார்களை எந்த நிலையில் விட்டு வந்தீர்கள்?" "தொழுதுகொண்டிருந்த நிலையில் விட்டு வந்தோம். நாங்கள் அவர்களிடம் போய்ச் சேர்ந்தபோதும் தொழுதுகொண்டிருந்தார்கள்." இடையில் எத்தனையோ நேரம் இருந்தது. அதில் நாம் என்னவெல்லாம் செய்திருப்போம்! அவர்கள் எடுத்துச் சொல்வது தொழுகையை. இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடும்.

நபித்தோழர் உஸைத் பின் ஹுளைர் (ரழி) ஓர் இரவில் குர்ஆனின் பகரா அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கட்டியிருந்த குதிரை மிரள்கிறது. ஓதுவதை நிறுத்தினால் அமைதியாகிறது. மறுபடி ஓதினால் மறுபடி மிரள்கிறது. அருகில் இருந்த மகன் யஹ்யாவைக் குதிரை மிதித்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே மேகம் போல ஒன்று, அதற்குள் விளக்குகள் போல வெளிச்சம். காலையில் நபியவர்களிடம் சொன்னபோது, அவை உம் ஓதலைக் கேட்க நெருங்கி வந்த மலக்குகள், தொடர்ந்து ஓதியிருந்தால் காலையில் மக்களும் அவர்களைப் பார்த்திருப்பார்கள் என்றார்கள். குற்றம் பிடிக்க வந்தவர்களா அவர்கள்? ஓதலில் லயித்து இறங்கி வந்தவர்கள்.

பயம் குறைந்தால் பாவம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தனக்காக துஆ கேட்பவர் முன்னால் தப்பு செய்யக் கூச்சம் வரும். அந்தக் கூச்சம் யாரும் அதட்டாமலே பிள்ளையோடு தங்கும்.

மரண நேரத்து மலக்குகளைப் பற்றிப் பேசுபவர்கள் 41:30, 31 வசனங்களையும் சேர்த்து ஓதிக்காட்டுங்கள். எங்கள் இறைவன் அல்லாஹ்தான் என்று சொல்லி அதில் நிலைத்து நின்றவர்களிடம் மலக்குகள் இறங்கி வந்து சொல்வது: "பயப்படாதீர்கள், கவலைப்படாதீர்கள். உலக வாழ்விலும் மறுமையிலும் நாங்கள் உங்கள் நேசர்கள்."