காற்று பிடுங்கப்படும்

சென்னை மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் கேட்டுக்குக் கேட் ஒரு பலகை தொங்குகிறது: "இங்கே வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்." கேட்டுக்கு முன்னால் மறிக்கக் கூடாது, சரி. ஆனால் பலகையோடு முடிவதில்லை. அதைத் தாண்டி, மாநகராட்சி போட்ட தார் ரோட்டில் ஒரு பழைய டயர், இரண்டு பூந்தொட்டி, சிமெண்ட் கொட்டி இறுகிப்போன ஒரு பெயிண்ட் டப்பா. சாயங்காலம் ஆபீசிலிருந்து திரும்பும் காருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பட்டா இல்லாமல் தி.நகர் பக்கத்தில் நிலம் அனுபவிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

யாரையோ திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பூந்தொட்டி எங்கள் வீட்டினுடையது. அபார்ட்மெண்டில் 8 வீடு, கீழே 5 கார்தான் நிற்கும். குலுக்கலில் எனக்கு விழவில்லை. 7 வருடமாக என் கார் தெருவில்தான் தூங்குகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு பக்கம் நடைபாதை போடலாம் என்று பேச்சு வந்தது. கூட்டத்தில் ஒருவர் விடாமல் எதிர்த்தோம். நடைபாதை வேண்டாம் என்று யாராவது வெளிப்படையாகச் சொல்வார்களா? "மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துடும்", "ஆம்புலன்ஸ் எப்படி வரும்" என்றெல்லாம் சொன்னோம். கார் என்ற வார்த்தையே யார் வாயிலும் வரவில்லை. திட்டம் அப்படியே அடங்கிப்போனது. வெளியே வந்தபோது கவுன்சிலர் தோளில் கை போட்டுச் சொன்னார்: "சார், நடந்து போறவங்க யாரும் எனக்கு போன் பண்றதில்லை. கார் வெச்சிருக்கறவங்க ராத்திரி 11 மணிக்கும் பண்றாங்க."

இந்த ஊரின் போக்குவரத்து அரசியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு காருக்கு ஒதுக்க வேண்டிய இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். சதுர அடியில் கிட்டத்தட்ட 135. இந்தப் பக்கம் மனை விலை என்ன என்று புரோக்கரிடம் கேட்டுவிட்டு 135 ஆல் பெருக்கிப் பாருங்கள். அத்தனை மதிப்புள்ள பொது நிலத்தை ஒரு பூந்தொட்டி செலவில் நான் வைத்திருக்கிறேன். அதே தெருமுனையில் கீரை விற்கும் அம்மாவுக்கு வேண்டியது ஒரு சாக்கு விரிக்கும் இடம். அவருக்காக 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டமே இயற்றியிருக்கிறது. ஆனாலும் ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் அவர்தான். என் காரை இதுவரை யாரும் "ஆக்கிரமிப்பு" என்று சொன்னதில்லை.

பாண்டி பஜாரிலும் இதே கதைதான். 2013இல் நடைபாதைக் கடைக்காரர்களை எழுப்பி அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பினார்கள். 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கட்டும். பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடமும் கட்டினார்கள். நான் போன நாட்களில் எல்லாம் மேலே இடம் இருந்தது. கீழே பக்கத்துத் தெருக்களில் கார்கள் இரட்டை வரிசையில் நின்றன. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மேலே காசு, தெருவில் ஓசி.

2023இல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைமேம்பாலம் வந்தது. மழைக்கு நல்லது, குறை சொல்லவில்லை. ஆனால் நடக்கிறவனை வானத்துக்கு அனுப்பிவிட்டுத் தரையை வண்டிக்குக் கொடுப்பது என்ன மாதிரி யோசனை? நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கை ஒன்றை இதே மாநகராட்சி 2014இல் ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியது எழுதியபடியே இருக்கிறது.

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது ஒரு பஸ் நிறுத்தத்தில்தான். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதால் 2024இல் சென்னைக்குத் தாழ்தள பஸ்கள் வந்தன. படியே கிடையாது, நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் தாழும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இறங்கும். எல்லாம் சரி, பஸ் ஓரம் கட்டினால்தானே? நிறுத்தத்தை ஒட்டி மூன்று கார்கள் நின்றன. பஸ் நடுரோட்டில் நின்றது. 2021இலிருந்து பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை, அதனால் நிறுத்தத்தில் கூட்டம் பெண்கள்தான். ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை, பின்னால் ஹாரன் அடிக்கும் ஆட்டோ என்று எல்லோரும் ரோட்டில் இறங்கி ஓடினார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர் ஓடவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான். இத்தனை செலவு செய்து வாங்கிய பஸ்ஸைத் தோற்கடிக்க மூன்று கார் போதும்.

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,000 கோடிக்கு மேல். பனகல் பார்க்கில் பூமிக்கடியில் ஸ்டேஷன். திறந்ததும் எல்லாம் மாறிவிடும் என்கிறார்கள். மேலே ஏறி வந்ததும் கால் வைக்க இடம் இருக்குமா என்பதுதான் என் கேள்வி.

ஜப்பானில் 1962இலேயே சட்டம் போட்டார்கள். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கினால்தான் கார். இங்கே அப்படிக் கேட்டால் ஆட்சியே கவிழும் என்பார்கள். முதலில் எதிர்ப்பவன் நானாகக்கூட இருப்பேன்.

போன மாதம் நடைபாதை கேட்டு ஒரு மனு எழுதி, தெருவில் கையெழுத்து கேட்டேன். எதிர்வீட்டு மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுக்கப் படித்தார். "நல்லா எழுதியிருக்கேள். உங்க காரை எங்கே விடுவேள்?" என்றார். பதில் இல்லாமல் திரும்பி வந்தேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் வாடகைக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாதம் 3,000 ரூபாய், மேலே கூரைகூட இல்லை. வலிக்கத்தான் செய்கிறது. பூந்தொட்டியை மாடிக்கு ஏற்றிவிட்டேன். மறுநாள் காலையில் அந்த இடத்தில் வேறு யாரோ ஒரு டயர் வைத்திருந்தார்கள்.