குண்டைப் பற்றி மட்டும் கேட்டு அனுப்பிவிட்டோம்

லிபியாவிலிருந்து திரும்பிய பேராசிரியரை அழைத்து நடத்திய சனிக்கிழமை கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். "அருமையான நிகழ்வு", "கண் கலங்கிவிட்டது" என்று படங்களோடு பதிவுகள் வந்தபடி இருக்கின்றன. மன்னிக்க வேண்டும், எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது.

லிபியாவில் சண்டைக்கு நடுவே பொறியியல் பாடம் நடத்திவிட்டு வந்த பேராசிரியர் அவர். இப்போது ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார். 40 நிமிடம் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து அவர் கைக்கு மைக் வந்தபோது மிச்சம் 15 நிமிடம். பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். கையால் கோடு போட்ட கால அட்டவணை. "கரண்ட் இருந்தா இடது பக்கம், இல்லேன்னா வலது பக்கம்" என்று தொடங்கினார். தொகுப்பாளர் குறுக்கிட்டு, "அது இருக்கட்டும் சார், குண்டு விழுந்ததை நேர்ல பார்த்தீங்களா?" என்றார். தாள் மறுபடி நான்காக மடிந்து பைக்குள் போய்விட்டது.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "பாதிப் பாடத்துல காலேஜை மூடிட்டா பரீட்சை எப்படி சார் வச்சீங்க?" என்று கேட்டாள். அந்த அரங்கிலேயே உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

போருக்கு நடுவே பாடம் நடத்துவது ஒரு வேலை. அதற்கென்று செய்முறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு வந்தவரிடம் அதைத்தான் கேட்க வேண்டும். குண்டு எங்கே விழுந்தது என்பதைச் செய்தியில் பார்த்துக்கொள்ளலாம். குண்டு விழுந்த மறுநாள் எத்தனை மணிக்கு வகுப்பு தொடங்கியது, எதைப் பாடத்திலிருந்து வெட்டினார்கள், எதை வெட்டவில்லை என்பதை அவரைத் தவிர யாரும் சொல்லப் போவதில்லை.

சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1937 ஜூலைக் கடைசியில் ஜப்பானியர்கள் தியன்ஜின் நகரில் இருந்த நான்காய் பல்கலைக்கழகத்தைக் குண்டு போட்டு அழித்தார்கள். நான்காய், பீக்கிங், சிங்ஹுவா மூன்று பல்கலைக்கழகங்களும் தெற்கே சாங்ஷாவுக்குப் போய் ஒன்றாகச் சேர்ந்தன. அங்கேயும் தாக்குதல் நெருங்கியதும், 1938 பிப்ரவரியில் தென்மேற்கே இருந்த குன்மிங் நகருக்குக் கிளம்பினார்கள். சுமார் 300 பேர் நடந்தே போனார்கள்: 68 நாள், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். இந்த நடையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். போய்ச் சேர்ந்த பிறகு எட்டு வருடம் வகுப்பு நடந்ததே, அதை எப்படி நடத்தினார்கள் என்று யாரும் பேசுவதில்லை. என் ஆதங்கமே அதுதான்.

இங்கிலாந்திலிருந்து கவிஞரும் விமர்சகருமான வில்லியம் எம்ப்சன் பீக்கிங்கில் வேலை என்று நம்பி வந்தார். வந்தால் பல்கலைக்கழகமே இடம்பெயர்ந்திருக்கிறது. குன்மிங்குக்குக் கிளம்பும் முன், சாங்ஷாவுக்குத் தெற்கே ஹெங்ஷான் மலையடிவாரத்தில், நூல்கள் இல்லாத ஓரிடத்தில், ஆங்கில இலக்கியம் நடத்த வேண்டும். மனப்பாடமாக இருந்த கவிதைகளைத் தட்டச்சு செய்து கொடுத்து நடத்தினார். இதைக் கேட்டதும் "என்ன ஞாபகசக்தி!" என்று வியந்துவிட்டுப் போய்விடுகிறோம். வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும், கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. இப்படிப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் வழியில்லாத வகுப்பில் 20 வரியைச் சொல்லி எழுத வைக்கவே கால் மணி நேரம் போய்விடும். பின்வரிசைக்காரர் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால், அவரிடம் வாங்கி எழுதும் பத்துப் பேருக்கும் அதே தவறு போகும். அதனால் எழுதியதை ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லி மற்றவர்களைத் திருத்த வைக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம். ஆக, ஒரு மணி நேர வகுப்பில் விளக்கத்துக்கு மிஞ்சுவது 40 நிமிடம். இதைக் கணக்கில் எடுக்காமல் பாடத்திட்டம் போட்டால் மூன்றாவது வாரத்திலேயே பின்தங்கிவிடுவோம்.

குன்மிங்கில் விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் எல்லோரும் நகருக்கு வெளியே ஓடியாக வேண்டும். அதனால் வகுப்புகளை நண்பகலிலிருந்து நகர்த்தினார்கள். காலை 10 மணிக்குள் ஒரு பகுதி, மாலை 3 மணிக்கு மேல் மறுபகுதி. விலை உயர்ந்த இயற்பியல் கருவிகளைப் பெட்ரோல் பீப்பாய்களில் போட்டு மண்ணுக்கடியில் வைத்தார்கள். செய்முறை வகுப்பு அன்று வெளியே எடுப்பார்கள், முடிந்ததும் திரும்ப வைப்பார்கள். கட்டடங்கள் மண்சுவர். வகுப்பறைகளுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் ஆசிரியர் கத்தினாலும் கேட்காது. பிறகு பணமுடையில் தகரத்தை விற்றுவிட்டு ஓலை போட்டார்கள். நூலகத்தில் இடம் போதாமல் மாணவர்கள் தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து படித்தார்கள்.

வூ தா-யூ என்ற இயற்பியல் பேராசிரியர் அங்கே ஒரு முப்பட்டகத்தை மரச் சட்டத்தில் பொருத்தி, ஒளியை நிறம் பிரித்து அளக்கும் நிறமாலைமானி செய்தார். எதற்கு? ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் சிறு பங்கு நிறம் மாறுகிறதே, அந்த ராமன் விளைவை ஆராய. நம் சி.வி. ராமன் கண்டறிந்த அதே விளைவை, போருக்கு நடுவே ஒரு மண்வீட்டில். அவரிடம் படித்த யாங் சென்-நிங், லீ சுங்-தாவ் இருவருக்கும் 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மரச் சட்டத்தைப் பற்றி நம் இயற்பியல் மாணவர்களிடம் யாராவது சொல்லியிருக்கிறோமா?

"மக்களுக்கு எது பிடிக்குமோ அதைத்தானே கேட்க முடியும்?" என்று ஒருவர் பின்னூட்டம் போடுவார். பிடிக்காது என்று முடிவு செய்தது யார்? மைக்கை வைத்திருந்தவர். அந்தப் பெண் எழுந்து நின்றாளே, அவள் மக்களில் சேர்த்தி இல்லையா?

"வலியைப் பேசக் கூடாதா?" என்று இன்னொருவர் கேட்பார். பேசலாம். அதை அவரே தொடங்கட்டும். 2015 ஜூலையில் லிபியாவின் சிர்த் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நான்கு இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். இருவர் இரண்டு நாளில் விடுவிக்கப்பட்டார்கள். மற்ற இருவர் மீள 2016 செப்டம்பர் ஆனது. அந்த மண்ணில் இருந்துவிட்டு வந்தவரிடம் மேடையில் வைத்து "பிணம் பார்த்தீங்களா" என்று கேட்கிறோம். அவர் முகத்தை முன்வரிசையில் இருந்தவர்கள்கூடப் பார்க்கவில்லை, எல்லோர் பார்வையும் அவரவர் கைபேசித் திரையில் இருந்தது.

"யாழ்ப்பாணம் பக்கத்தில் இருக்க, சீனா எதற்கு?" இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தலைகுனிகிறேன். முழுக்க நியாயம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், மின்சாரம் இல்லாத ஊரில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டுப் படித்தார்கள். பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், போத்தல் காற்றைத் தடுக்கும், சுடர் சின்னதாக இருந்தால் எண்ணெய் அதிக நேரம் வரும். அந்த வெளிச்சத்தில் தயாராகித்தான் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். அவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் இன்று நம் ஊரிலும் இருக்கிறார்கள், கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களிடமும் நாம் குண்டைப் பற்றித்தான் கேட்டோம். விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. வாத்தியார் வேலை என்றாலே யாரும் செய்துவிடலாம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. போர்க்களத்தில் அறுவை செய்த மருத்துவர் வந்திருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருப்போம். ஆசிரியர் என்றதும் அவருடைய வேலை மறந்துபோய், அவர் பட்ட பயம் மட்டும் நமக்குப் போதுமானதாக இருக்கிறது. எத்தியோப்பியா, ஏமன், லிபியா என்று போய்ப் பாடம் நடத்திய நம்மவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்தால் "எவ்வளவு சம்பாதிச்சீங்க", இல்லாவிட்டால் "குண்டு பார்த்தீங்களா". மூன்றாவது கேள்வி நம்மிடம் இல்லை.

அடுத்த கூட்டம் நடத்துகிறவர்களுக்கு: பேச்சுக்கு முழுதாக 40 நிமிடம், கேள்விக்கு 30. பொன்னாடை கடைசியில். தாள் கொண்டுவந்திருந்தால் முந்தின நாளே வாங்கிப் படி எடுத்து எல்லோர் கையிலும் கொடுங்கள். முதலில் கேள்வி கேட்கும் வாய்ப்பு ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்.

கூட்டம் முடிந்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அந்த மாணவி படிக்கட்டில் அவரை மறித்து அதே கேள்வியைக் கேட்டாள். அவர் நின்றார். "கடைசில ஒரே பரீட்சைன்னு வைக்கக் கூடாதும்மா. வாரா வாரம் சின்னதா ஒண்ணு. ஒன்பதாம் வாரம் மூடிட்டாலும் எட்டு வார மார்க் கையில இருக்கும். மார்க் லிஸ்டை ரெண்டா எழுதணும், ரெண்டு வேற வேற வீட்டுல வைக்கணும். பையன் வேற ஊருக்கு ஓடிப்போய் அங்க சேரணும்னா, அவன் கையிலயும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கணும்" என்றார். அவள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அவர் பையைத் திறந்து அந்தத் தாளை மறுபடி வெளியே எடுத்தார்.