கொடுமை கொமோடஸோடு தொடங்கவில்லை

'கிளாடியேட்டர்' படத்தின் இரண்டாம் பாகம் 2024இல் வெளியானபோது எல்லோரும் சுறாமீன்களைப் பற்றியே சண்டையிட்டார்கள். ரோமின் கொலோசியம் அரங்குக்குள் தண்ணீர் நிரப்பிச் சுறாக்களை விட்டார்களா, இல்லையா? தண்ணீர் நிரப்பிக் கடற்போர் நடத்திக் காட்டியதற்குப் பழைய குறிப்புகள் உண்டு; சுறாக்களுக்குச் சான்று இல்லை. அவ்வளவுதான் விஷயம். சினிமா என்றால் கொஞ்சம் ஜோடனை இருக்கத்தான் செய்யும். அதற்காக எந்தப் படத்தோடும் மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை.

என் கோபம் வேறு. இந்தப் படங்கள் குற்றம் முழுவதையும் ஓர் ஆளின் தலையில் கட்டிவிட்டு, மற்ற எல்லோரையும் விடுவித்துவிடுகின்றன. ஒரு கெட்ட அரசன், அல்லது ஆணவம் பிடித்த ஒரு பிரபு. அவன் ஆசைக்காகக் கிளாடியேட்டர்கள், அதாவது மக்கள் வேடிக்கை பார்க்கக் களத்தில் ஆயுதமேந்தி மோதும் மனிதர்கள், வெட்டிக்கொண்டு சாகிறார்கள். கூட்டம் முதலில் இரத்தம் கேட்டாலும் கடைசியில் நாயகன் பக்கம் வந்துவிடுகிறது. கெட்டவன் செத்தான், ரோம் பிழைத்தது, நாமும் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்காது.

கொமோடஸையே எடுத்துக்கொள்வோம். 2000இல் வந்த ரிட்லி ஸ்காட்டின் முதல் 'கிளாடியேட்டர்' படத்தில் இந்த ரோமானியப் பேரரசன் தந்தையைக் கொன்று அரியணை ஏறுகிறான், கடைசியில் மணற்களத்தில் நாயகன் மாக்சிமஸின் கையால் சாகிறான். மாக்சிமஸ் கற்பனைப் பாத்திரம். உண்மையில் அவன் தந்தை, தத்துவஞானியுமான பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ், கி.பி. 180இல் டான்யூப் போர்முனையில் நோயுற்று இறந்தார் என்பதே பொதுவாக ஏற்கப்படும் செய்தி. மகனை 177லேயே இணைப் பேரரசனாக அவரே ஆக்கியிருந்தார். கொமோடஸ் அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டான். 192 டிசம்பர் 31 அன்று முதலில் நஞ்சு வைத்தார்கள். அது பலிக்காததால் நார்சிசஸ் என்ற மல்யுத்த வீரனை அனுப்பிக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

அவன் களத்தில் இறங்கியது உண்மை. அதை நேரில் பார்த்த செனட்டர் காசியஸ் டியோ எழுதி வைத்திருக்கிறார். ஒருநாள் கொமோடஸ் ஒரு தீக்கோழியைக் கொன்று, அதன் தலையை அறுத்து இடக்கையில் ஏந்தி, வலக்கையில் இரத்தம் தோய்ந்த வாளை உயர்த்திக்கொண்டு செனட்டர்கள் அமர்ந்திருந்த இடத்துக்கு வந்தான். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. பல்லைக் காட்டித் தலையை ஆட்டினான். உங்களுக்கும் இதே கதிதான் என்று பொருள். டியோவுக்கு அச்சத்தைவிடச் சிரிப்பு முந்திக்கொண்டு வந்தது. சிரித்தால் தலை போய்விடும். தன் தலையில் சூடியிருந்த மாலையிலிருந்து லாரல் இலைகளைப் பறித்து மென்றார், பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார், வாயசைவில் சிரிப்பை மறைத்துக்கொள்ள. எந்தத் திரைக்கதையாசிரியருக்கும் தோன்றாத காட்சி இது.

ஆனால் டியோவைக் கூசவைத்தது என்ன என்று பாருங்கள். பேரரசன் ஓர் இழிதொழிலில் இறங்கிவிட்டானே என்பதுதான். அந்தத் தொழில் அங்கே நடக்கிறது என்பது அவருக்கு உறுத்தவே இல்லை. உறுத்த நியாயமும் இல்லை. ரோமில் கிளாடியேட்டர் சண்டை நடந்ததாகப் பதிவான முதல் ஆண்டு கி.மு. 264, இறந்துபோன ஒரு பிரபுவின் நினைவாக அவர் மகன்கள் மாட்டுச் சந்தையில் மூன்று ஜோடிகளைச் சண்டையிட வைத்தார்கள். நீத்தார் கடனாகத் தொடங்கியது அது. கொமோடஸ் தனியாட்சிக்கு வந்தபோது அந்த வழக்கத்துக்குக் கிட்டத்தட்ட 440 வயது ஆகிவிட்டது.

படத்தில் மார்க்கஸ் ஆரேலியஸ் ரோமில் இந்தச் சண்டைகளைத் தடைசெய்தவர் என்று வருகிறது. அந்தத் தத்துவஞானிக்கு இவை பிடிக்கவில்லை என்பது உண்மைதான். தன் முன்னால் சண்டையிடுபவர்களுக்கு மழுங்கிய ஆயுதங்களையே கொடுக்கச் செய்தார் என்று டியோ சொல்கிறார். ஆனால் ஒழித்தாரா? இல்லை. 177ஆம் ஆண்டுவாக்கில் அவரது ஆட்சியில் கிளாடியேட்டர்களுக்கு விலை உச்சவரம்பு விதித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதைப் பொறித்த வெண்கலப் பலகை ஸ்பெயினின் இத்தாலிகாவில் கிடைத்திருக்கிறது. மாகாணங்களில் விழா எடுக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் செலவு தாங்காமல் திணறினார்கள். அவர்கள் சுமையைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. ரோமானியப் பேரரசர்களிலேயே மனசாட்சியோடு அதிகம் போராடியவர் என்று பெயரெடுத்தவரின் ஆட்சி, மனித உயிரின் விலையைக் கட்டுப்படியாகும்படி இறக்கிக் கொடுத்தது.

மிகச் சிறந்த பேரரசர் என்று ரோமானியர் கொண்டாடிய டிராஜன், டேசியாவை (இன்றைய ருமேனியப் பகுதி) வென்றபின் 123 நாட்கள் விழா நடத்தினார். அதில் பத்தாயிரம் கிளாடியேட்டர்கள் சண்டையிட்டதாக டியோ எழுதுகிறார். நல்ல அரசர்கள் கணக்கில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

இந்த விஷயத்தில் என்னைத் தூங்கவிடாத ஒரு பக்கம் இருக்கிறது. எந்தப் போர்வரலாற்றிலும் அது இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் கேயஸ் என்ற சட்ட அறிஞர் மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில் இருக்கிறது. வாடகைக்கும் விற்பனைக்கும் என்ன வேறுபாடு என்பது பாடம். அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இது: ஒருவர் உங்களுக்குக் கிளாடியேட்டர்களை அனுப்புகிறார். காயமில்லாமல் திரும்பி வருபவனுக்கு, அவன் சிந்திய வியர்வைக்காகத் தலைக்கு 20 தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு). கொல்லப்பட்டவனுக்கும் ஊனமானவனுக்கும் தலைக்கு 1000 தினாரி. இது வாடகையா, விற்பனையா? கேயஸின் விடை தெளிவாக இருக்கிறது: முழுதாகத் திரும்பியவன் வாடகைக்குப் போனவன்; செத்தவனும் முடமானவனும் விற்கப்பட்டவர்கள். எது எது என்பது சண்டை முடிந்த பிறகே தெரியவரும்.

அக்காலத்தில் ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 300 தினாரி. அப்படியானால் ஒரு சாவுக்கு மூன்றாண்டுச் சம்பளத்துக்கும் மேல். வாடகைக்கும் இதற்கும் ஐம்பது மடங்கு வேறுபாடு. விழா எடுப்பவன் தோற்றவனைக் கொல்ல அனுமதித்தால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். களத்தில் காட்டிய கருணைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. கொல்லச் சொன்னவனுக்கும் அதே கணக்கு உதவியது: எனக்குக் காசு பொருட்டில்லை என்று ஊர் அறியக் காட்டிக்கொள்ள அதைவிட நல்ல வழி ஏது? இதில் எங்கே பைத்தியக்கார அரசன்? ஒரு சட்ட வாத்தியாரும் அவருடைய மாணவர்களும்தான் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் கையுயர்த்தி வேறு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை.

பொருளுக்கு விலை இருந்ததால் பராமரிப்பும் இருந்தது. பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் என்றால் மருத்துவ வரலாறு தெரிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. கி.பி. 157இல், இருபத்தெட்டு வயதில், இன்றைய துருக்கியிலுள்ள பெர்கமம் நகரத்தில் கிளாடியேட்டர்களின் மருத்துவராகத்தான் அவர் பணி தொடங்கியது. தனக்கு முன்பிருந்தவர்களிடம் பலர் செத்தார்கள், தன்னிடம் சாவு மிகக் குறைவு என்று பெருமையாக எழுதியிருக்கிறார். வீரர்களின் உணவு பார்லியும் மொச்சை வகைகளும். திரையில் வரும் கட்டுடல்கள் இந்தச் சாப்பாட்டில் வரா. சதைப்பற்றான உடம்புதான் வரும்.

1993இல் அதே துருக்கியிலுள்ள பழைய நகரமான எபேசஸில் கிளாடியேட்டர்களின் இடுகாடு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இறந்தவர்கள். ஆஸ்திரிய ஆய்வாளர்கள் அந்த எலும்புகளைப் படித்துச் சொன்னதில் இரண்டு செய்திகளை நான் சேர்த்தே நினைக்கிறேன். ஒன்று, பழைய காயங்கள் மிக நேர்த்தியாக ஆறியிருந்தன; திறமையான மருத்துவம் நடந்திருக்கிறது. இன்னொன்று, சில மண்டையோடுகளில் சுத்தியலால் அடித்த சதுரமான ஓட்டை இருந்தது. அடிபட்டு இனித் தேறமாட்டான் என்றால் அப்படி முடித்துவிடுவார்கள் போலும். எலும்பைப் பொருத்திக் கட்டிய கையும் சுத்தியல் பிடித்த கையும் ஒரே ஏற்பாட்டின் சம்பளத்தில் இருந்தன.

சண்டைக்கு விதிகள் இருந்தன. வலையும் திரிசூலமும் ஏந்தியவனுக்கு எதிரே, வழவழப்பான உருண்டைத் தலைக்கவசம் அணிந்து சிறு கண்துளைகள் வழியாகப் பார்க்கும் வீரன். பெருங்கேடயக்காரனுக்கு எதிரே சிறுகேடயமும் வளைவாளும். கையில் கோலோடு நடுவர் நிற்பார். தோற்றவன் விரலை உயர்த்தினால் ஆட்டம் நிற்க வேண்டும். ஃபிளாமா என்பவனின் கல்லறை சிசிலியில் கிடைத்தது. சிரியாவில் பிறந்தவன், முப்பது வயது வாழ்ந்தான், 34 சண்டைகள். 21 வெற்றி, 9 சமன், 4 முறை தோற்று உயிர்ப்பிச்சை பெற்றான். மாக்சிமஸ் எதிராளியைக் கொல்லாமல் விட்டதும் உலகமே அதிசயிப்பதாகப் படம் காட்டுகிறதே, அந்தக் கருணை உண்மையில் ஒரு சாதாரண முடிவு. சாதாரணம் என்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

கருங்கடல் ஓரத்தில், இன்றைய துருக்கியின் சாம்சுன் நகரமான அமிசஸில், டியோடோரஸ் என்றொரு கிளாடியேட்டர் புதைக்கப்பட்டான். அவனுடைய கல் இப்போது பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு சிற்பம்: கீழே ஒருவன் கிடக்கிறான், மேலே நிற்பவன் கையில் இரண்டு வாள்கள், தன்னுடையதும் பிடுங்கியதும். கீழே உள்ள வரிகள் இப்படிச் சொல்கின்றன: என் எதிராளி டெமெட்ரியஸை வீழ்த்தினேன், உடனே கொல்லவில்லை, விதியும் நடுவரின் வஞ்சகமும் என்னைக் கொன்றன. வென்றுவிட்டோம் என்று இவன் நின்றிருக்கிறான். கீழே கிடந்தவனை எழுப்பிச் சண்டையைத் தொடரச் சொல்லியிருக்கிறார் நடுவர். அந்தத் தீர்ப்பில் போய்விட்டது உயிர்.

இந்தக் கல்லைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. டியோடோரஸ் ரோமைச் சபிக்கவில்லை, அரசனைச் சபிக்கவில்லை, தன்னைக் களத்தில் இறக்கியவனையும் குறைசொல்லவில்லை. நடுவர் ஏமாற்றிவிட்டார் என்பதுதான் குறை. ஆட்டம் சரியாக நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். சாகப்போகிறவனையும் தனக்குள் இழுத்துக்கொண்ட ஒரு வழக்கம் இது. அதை ஒரு வில்லனைக் கொன்று முடித்துவைக்க முடியாது.

கிளர்ச்சி செய்த கிளாடியேட்டர் அடிமை ஸ்பார்டகஸ் கதையிலும் இதே இடத்தில்தான் சினிமா கண்ணை மூடிக்கொள்கிறது. கி.மு. 73இல் இத்தாலியின் காபுவா நகரப் பயிற்சிக்கூடத்திலிருந்து சமையலறைக் கத்திகளோடும் இரும்புக் கம்பிகளோடும் எழுபது பேரளவில் தப்பியதும், அது பெரும்போராக வளர்ந்ததும், கி.மு. 71இல் ரோமானியத் தளபதி கிராசஸ் அதை அடக்கியதும், காபுவாவிலிருந்து ரோம் வரை ஆப்பியன் சாலை நெடுக ஆறாயிரம் பேர் சிலுவையில் ஏற்றப்பட்டதும் வரலாறு. 1960இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய படத்தில், விடுதலை பெற்ற அடிமைகள் இரண்டு ரோமானியர்களைச் சண்டையிட வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஸ்பார்டகஸ் பாய்ந்து வந்து தடுக்கிறான். ஸ்பார்டகஸாக நடித்த கிர்க் டக்ளஸின் முகமும் குரலும் அங்கே நெஞ்சை அள்ளும். பழைய ஆசிரியரான ஃபுளோரஸ் சொல்வதோ நேர்மாறு: இறந்த தோழர்களின் ஈமச்சடங்கில், சிறைப்பிடித்த ரோமானியர்களைக் கிளாடியேட்டர்களாகச் சண்டையிடச் செய்தவன் ஸ்பார்டகஸ். தன்னைக் கடித்த வழக்கத்தையே நீத்தார் கடனாகக் கொடுத்தான். இதனால் அவன்மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. அவன் சிலை அல்ல, அந்தக் காலத்து மனிதன் என்று புரிகிறது. படம் இதைத் தலைகீழாக்கியதில் அவனுடைய துயரத்தின் பாதியே காணாமல் போய்விட்டது.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலைக் கீழே காட்டினால் சாவு என்று நாம் எல்லோரும் நம்புவதற்கு முக்கியக் காரணம் பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் 1872இல் வரைந்த ஓவியம். பழைய நூல்கள் கட்டைவிரலைத் திருப்பியதாக மட்டுமே சொல்கின்றன, எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. 'சாகப்போகும் நாங்கள் உம்மை வணங்குகிறோம்' என்ற முழக்கமும் ஒரே ஒரு நிகழ்ச்சியில்தான் பதிவாகியிருக்கிறது: கிளாடியஸ் பேரரசர் ஃபூசினஸ் ஏரியில் நடத்திய போலிக் கடற்போரில். அதைச் சொன்னவர்கள் மரண தண்டனைக் கைதிகள். 'அல்லது சாகாமலும் இருக்கலாம்' என்று அவர் வாய்தவறிச் சொல்ல, மன்னிப்பு கிடைத்துவிட்டதென்று அவர்கள் சண்டையிட மறுத்தார்கள். மிரட்டியும் கெஞ்சியும்தான் அவர்களைச் சண்டையிடவைக்க முடிந்தது.

மாக்சிமஸ் எதிரிகளை வெட்டிச் சாய்த்துவிட்டு வாளைப் பார்வையாளர் பக்கம் வீசி, திருப்தியா உங்களுக்கு என்று கத்தும் இடம், அந்தப் படம் உண்மைக்கு மிக அருகே போன இடம் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி கூட்டத்தை நோக்கிப் போகிறது. அதற்குப் பதில் வாங்காமலேயே படம் கொமோடஸ் பக்கம் திரும்பிவிடுகிறது. ரோமானியத் தத்துவஞானி செனெகா அப்படித் திரும்பவில்லை. காலையில் மனிதர்களைச் சிங்கங்களுக்கும் கரடிகளுக்கும் போடுகிறார்கள், நண்பகலில் பார்வையாளர்களுக்குப் போடுகிறார்கள் என்று எழுதினார். முதல் நூற்றாண்டிலேயே எழுதினார்.

கி.பி. 393இல் சிம்மாக்கஸ் என்ற செனட்டர் தன் மகன் பதவியேற்பதை முன்னிட்டு ரோமில் விழா நடத்தினார். நிறையப் படித்தவர், நல்ல தந்தை, அவருடைய கடிதங்கள் இலத்தீன் உரைநடைக்குப் பேர்போனவை. சண்டைக்காகச் சாக்சன் இனக் கைதிகளைத் தருவித்திருந்தார். களமிறங்க வேண்டிய நாளில், கயிறுகூட இல்லாமல், வெறுங்கையால், அவர்களில் 29 பேர் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துச் செத்துப்போனார்கள். சிம்மாக்கஸ் இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்பார்டகஸின் கும்பலைவிட மோசமான இந்தக் கூட்டம் தனக்கு வேண்டாம், விலங்குகளைக் கொண்டு வந்து விழாவைச் சமாளித்துக்கொள்கிறேன் என்கிறார். நினைத்தது நடக்காதபோது சாக்ரடீஸ் காட்டிய பொறுமையை எண்ணித் தேற்றிக்கொள்வதாகவும் சொல்கிறார். வாள் ஏந்திய கொமோடஸை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கட்டும். இந்தக் கடிதத்தை எழுதிய மனிதரை ஒரு படமாவது என் கண்முன் கொண்டுவந்து நிறுத்தட்டும்.