பெரியப்பா தங்கம் அரிக்கிறார்

(ஆறு வளையும் ஓர் இடம். முழங்காலளவுத் தண்ணீர். பெரியப்பா கையில் புது பிளாஸ்டிக் தட்டு, தோளில் கோணிப்பை.)

கவிதா: கோணிப்பை எதற்குப் பெரியப்பா?

பெரியப்பா: கிடைக்கிற தங்கத்தைக் கையிலா தூக்கிக்கொண்டு போவது?

கவிதா: அதற்கு இந்தச் சின்னக் குப்பி போதும்.

பெரியப்பா: இதுவா? காதுக்கு விடும் மருந்துக் குப்பி மாதிரி இருக்கிறது.

கவிதா: இதுவும் நிரம்பாது.

பெரியப்பா: இறங்கும்போதே அபசகுனமா? சரி, அந்தப் பக்கம் தண்ணீர் வேகமாக வருகிறது. அங்கே போவோம்.

கவிதா: வேண்டாம். வளைவின் வெளிப்பக்கம்தான் வேகம். உள்பக்கம் வேகம் குறையும், தூக்க முடியாத கனத்தை ஆறு அங்கேதான் போட்டுவிட்டுப் போகும். பெரிய பாறைக்குப் பின்னாலும் அப்படித்தான்.

பெரியப்பா: ஆறும் என் கட்சி. உட்கார இடம் கிடைத்தால் சுமையை இறக்கிவிடும். சரி, இங்கே தோண்ட யாரும் சண்டைக்கு வரமாட்டார்களே?

கவிதா: நிலத்துக்காரரிடம் கேட்டாயிற்று, சுரங்க உரிமை யார் பெயரிலும் இல்லை என்றும் பார்த்தாயிற்று. தட்டில் சரளையை அள்ளுங்கள். தண்ணீருக்குள் அமுக்கி, களிமண் கட்டியை விரலால் கரையுங்கள். அப்புறம் பக்கவாட்டில் நன்றாகக் குலுக்குங்கள்.

பெரியப்பா: குலுக்கினால் தங்கமும் சேர்ந்து ஓடிவிடாதா?

கவிதா: ஓடாது. அதே அளவு தண்ணீரைவிடத் தங்கம் 19 மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்கு சொச்சம். குலுக்கக் குலுக்க மணல் மேலே வரும், தங்கம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகுதான் தட்டைச் சாய்த்து மேல் மணலை அலசிவிட வேண்டும். மெதுவாக! ஐயோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டீர்களே!

பெரியப்பா: அதில் ஏதாவது இருந்திருக்குமா?

கவிதா: இருந்திருந்தால் இப்போது கடலுக்குப் பயணம். வீட்டில் பயிற்சிக்குப் பத்து ஈயக் குண்டு போட்டு அலசச் சொன்னேனே, எத்தனை மிஞ்சியது?

பெரியப்பா: பத்தும் இருந்தது. அதில் ஒன்று மட்டும் கால்சட்டைப் பொத்தான்.

(மறுபடி அள்ளி, குலுக்கி, அலசுகிறார்.)

பெரியப்பா: கவிதா! மின்னுகிறது! நிறைய!

கவிதா: கையால் வெயிலை மறையுங்கள்.

பெரியப்பா: அணைந்துவிட்டது.

கவிதா: மைக்கா, காக்காப்பொன். தங்கம் நிழலிலும் மஞ்சளாகத்தான் இருக்கும்.

பெரியப்பா: அப்படியானால் இந்தக் குண்டுமணி? நிழலிலும் மஞ்சள்தான்!

கவிதா: ஊசியால் அழுத்துங்கள்.

பெரியப்பா: நொறுங்கிவிட்டது.

கவிதா: பைரைட். இரும்பும் கந்தகமும். தங்கம் நசுங்குமே தவிர நொறுங்காது.

பெரியப்பா: வந்ததிலிருந்து என் சொத்தையெல்லாம் அழித்துக்கொண்டே இருக்கிறாய்!

கவிதா: உங்கள் கை ஏன் இப்படி வழுக்குகிறது?

பெரியப்பா: வெயிலுக்குக் களிம்பு பூசினேன்.

கவிதா: போச்சு. எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் பொடித் தங்கம் மிதந்து போய்விடும். சோப்பு நீர் ஒரு சொட்டு விடுகிறேன், கீழே இறங்கும்.

பெரியப்பா: 19 மடங்கு கனம் என்றாய், இப்போது மிதக்கும் என்கிறாய். நிலையாக ஒரு பேச்சுப் பேசு!

கவிதா: தூசியளவு இருந்தால் தண்ணீரின் மேற்பரப்பே தாங்கிவிடும் பெரியப்பா.

பெரியப்பா: 1848-இல் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் மார்ஷல் மர அறுப்பாலைக் கால்வாயில் சும்மா குனிந்து பொறுக்கினாராமே?

கவிதா: பொறுக்கினார். சாகும்போது கையில் காசில்லை.

பெரியப்பா: பின்னே யார்தான் பணக்காரர் ஆனது?

கவிதா: தட்டும் மண்வாரியும் விற்ற சாம் பிரானன்.

பெரியப்பா: பார்த்தாயா, அவராவது நன்றாக இருந்தாரே!

கவிதா: அவரும் கடைசியில் எல்லாவற்றையும் இழந்துவிட்டார்.

பெரியப்பா: உனக்கு நல்லபடி முடிகிற கதை ஒன்றுகூடத் தெரியாதா?

கவிதா: பேசாமல் தட்டைப் பாருங்கள். அடியில் கறுப்பு மணல் நிற்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள்... நில்லுங்கள்! அதோ!

பெரியப்பா: எங்கே?

கவிதா: கறுப்பு மணலின் வால்பக்கம். மஞ்சளாக.

பெரியப்பா: கண்ணாடியைக் கொடு... அடடா! எவ்வளவு தேறும்?

கவிதா: இதை வைத்தால் தராசு திரும்பிக்கூடப் பார்க்காது. காய்ந்த விரலால் ஒற்றி எடுத்துக் குப்பித் தண்ணீரில் தொடுங்கள், உள்ளே விழுந்துவிடும்.

(போன் அடிக்கிறது.)

கவிதா: பெரியம்மாதான். என்ன சொல்ல?

பெரியப்பா: தங்கம் கிடைத்துவிட்டது என்று சொல். எவ்வளவு என்று கேட்டால் மட்டும், சிக்னல் இல்லை என்று வைத்துவிடு.