பியூசிங்கன் ஒன்றும் வேடிக்கை ஊர் இல்லை

ஒரு படம்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டெலிபோன் பூத். ஒன்று ஜெர்மனியுடையது, மற்றது சுவிட்சர்லாந்துடையது. "ஒரே ஊருக்கு ரெண்டு நாடு" என்று சிரிப்பு பொம்மையோடு இந்தப் படத்தை மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். அந்த ஊரின் கதையைத் தேடிப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஊர் பெயர் பியூசிங்கன். ரைன் நதியின் வடகரையில், ஷாஃப்ஹவுசன் என்ற சுவிஸ் நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. பரப்பளவு ஏழரை சதுர கிலோமீட்டர் சொச்சம், ஜனத்தொகை சுமார் 1,500. நிர்வாகப்படி ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் எந்தத் திசையில் நடந்தாலும் கால் படுவது சுவிஸ் மண்ணில்தான். ஜெர்மனியின் மற்ற நிலத்தை மிக நெருங்கும் இடத்தில்கூட நடுவே சுமார் 700 மீட்டர் சுவிஸ் நிலம் குறுக்கே கிடக்கிறது.

இந்த எல்லைக் கோடு இப்படி விழுந்ததற்கு மலையும் காரணமில்லை, ஆறும் காரணமில்லை. ஒரு குடும்பச் சண்டை. 1693-இல் இந்த ஊரின் பிரபு எபர்ஹார்ட் இம் தூர்ன் கத்தோலிக்கப் பக்கம் சாய்கிறார் என்ற சந்தேகத்தில் சொந்தக்காரர்களே அவரைக் கடத்திக்கொண்டு போய் ஷாஃப்ஹவுசனிடம் ஒப்படைத்தார்கள். முதலில் மரண தண்டனை, பிறகு அது ஆயுள் சிறையானது. அந்தப் பகுதிக்கு மேலாட்சி உரிமை ஆஸ்திரியாவிடம் இருந்தது. 'என் ஆளை நீ எப்படி அடைக்கலாம்' என்று ஆஸ்திரியா மிரட்டியதில் 1699-இல்தான் அவர் வெளியே வந்தார். ஆள் வந்துவிட்டார், கோபம் போகவில்லை. 1770-இல் அக்கம்பக்கத்து ராம்சன், டோர்ஃப்லிங்கன் ஊர்களின் உரிமையை ஆஸ்திரியா சுவிஸ் நகரமான சூரிக்கிற்கு விற்றது. பியூசிங்கனை மட்டும் விற்கவில்லை. ஷாஃப்ஹவுசனுக்கு என்றென்றும் உறுத்திக்கொண்டே இருக்கட்டும் என்ற வீம்பு! பிறகு வூர்ட்டம்பர்க், 1810-இல் பாடன் என்று ஜெர்மன் அரசுகளிடம் கைமாறி, கடைசியில் ஜெர்மனியில் வந்து சேர்ந்தது.

1849-இல் பாடன் புரட்சியாளர்களை அடக்க ஹெஸ்ஸன் என்ற இன்னொரு ஜெர்மன் அரசின் சிப்பாய்கள் நீராவிக் கப்பலில் ரைன் வழியாக இங்கே வந்து இறங்கினார்கள். வரும் வழியில் சுவிஸ் எல்லையைக் கடந்ததை அவர்கள் பெரிதாக நினைக்கவில்லை. சுவிட்சர்லாந்து நினைத்தது. படையைத் திரட்டித் திரும்பும் வழியை அடைத்தது. கடைசியில் சுவிஸ் காவலோடுதான் அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது.

என்னை உறுத்துவது இதற்குப் பிறகு நடந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. 96 சதவீதம் பேர் சுவிட்சர்லாந்தோடு சேர வேண்டும் என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! இதைவிடத் தெளிவாக ஒரு ஊர் எப்படிப் பேசும்? ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. பதிலுக்குக் கொடுக்க சுவிட்சர்லாந்திடம் தோதான நிலம் இல்லை, சும்மா விட ஜெர்மனிக்கு மனமில்லை. ஜனங்கள் கேட்டது ஒரு பக்கம், இரண்டு அரசாங்கங்களும் பேசியது நிலக்கணக்கு. பின்னாளில் வெரனாஹோஃப் என்ற மூன்றே வீடுகள் கொண்ட துண்டு மட்டும் சுவிஸ் பக்கம் போனது. பியூசிங்கன் நின்ற இடத்திலேயே நின்றது.

எல்லைக் கோட்டை மாற்ற முடியாதவர்கள் காகிதத்தில் மாற்றினார்கள். 1964-இல் கையெழுத்தாகி 1967-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி ஊர் சுவிஸ் சுங்க எல்லைக்குள் வந்தது. அதிகாரப்பூர்வப் பணம் யூரோ, கடையில் புழங்குவது சுவிஸ் ஃப்ராங்க். இரண்டு பின்கோடு. கார்களுக்கு மாவட்டத்தின் எழுத்து இல்லாமல் ஊருக்கென்றே தனி நம்பர் பிளேட், சுவிஸ் சுங்கக்காரர்கள் பார்த்ததும் புரிந்துகொள்ள. ஊர் கால்பந்து அணி ஆடுவது சுவிஸ் லீகில். 1980-இல் ஜெர்மனி கோடைக்காலக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபோது சுவிட்சர்லாந்து தள்ளவில்லை, இந்த ஊரும் தள்ளவில்லை. கணினிகளின் நேர மண்டலப் பட்டியலில் பியூசிங்கனுக்குத் தனி வரி இருப்பது இதனால்தான். உங்கள் போனுக்குள்ளும் அந்தப் பெயர் இருக்கக்கூடும்.

இதையெல்லாம் பார்த்து "எல்லையே இல்லாமல் வாழ்கிறார்கள்" என்று மெச்சுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. எல்லை எங்கேயும் போகவில்லை, சம்பளச் சீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இங்கே பலர் வேலைக்குப் போவது சுவிஸ் பக்கம். காய்கறியும் ரொட்டியும் சுவிஸ் விலை. வருமான வரி மட்டும் ஜெர்மன் கணக்கு, அது சுவிஸ் வரியைவிடக் கூடுதல். சம்பாதிக்கும் வயதில் இருப்பவர் இங்கே வீடு எடுக்க யோசிக்கத்தானே செய்வார்? ஊரில் வயதானவர்கள் அதிகம் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அடுத்த ஊர் டோர்ஃப்லிங்கன். அதே ஃப்ராங்க், அதே கடை விலை. 1770-இல் விற்கப்பட்டுவிட்டதால் அங்கே இருப்பவர் கட்டுவது சுவிஸ் வரி.